ஓடிக் காட்டாத பொருளுக்கு என்ன விலை? பழைய வீடியோ கேம், ரேடியோ வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பகுதியில் பழைய சாமான்கள் விற்கும் ஒருவர், வெள்ளையும் சிவப்பும் கலந்த வீடியோ கேம் பெட்டி ஒன்றை ‘ஜப்பான் ஒரிஜினல்’ என்று சொல்லி 9,000 ரூபாய் கேட்கிறார். ‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட் ஒன்றும் உடன் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அந்தக் கேசட்டே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற இயந்திரத்தின் அனுமதியற்ற நகல்கள்தாம் 1990-களில் நம் ஊர்க் கடைகளில் பெருமளவில் விற்றன. ‘9999 இன் 1’ கேசட்டில் உண்மையில் இருப்பவை சில விளையாட்டுகளே. அவற்றையே தொடங்கும் கட்டத்தை மாற்றி மாற்றிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். நிண்டெண்டோ அப்படி ஒரு கேசட்டை விற்றதே இல்லை. ஆனால் அசல் இயந்திரத்திலும் நகல் கேசட் ஓடும் என்பதால், கேசட்டை மட்டும் வைத்து இயந்திரத்தின் மீது தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இயந்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அசல் ஃபேமிகாமில் இரண்டு கைப்பிடிகளின் (கன்ட்ரோலர்) கம்பிகளும் பெட்டியின் பின்புறத்திலிருந்தே நிரந்தரமாகக் கிளம்பும். கழற்றும் வசதி இராது. இரண்டாவது கைப்பிடியில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இருக்க மாட்டா. அவற்றுக்குப் பதிலாகச் சிறிய ஒலிவாங்கியும் அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியும் இருக்கும். நகல்களில் பெரும்பாலும் இரண்டு கைப்பிடிகளும் ஒரே மாதிரி இருக்கும். 9 ஊசிச் செருகியால் கழற்றி மாட்டும்படி இருக்கும். அழுத்திப் பிடித்தாலே மீண்டும் மீண்டும் அழுத்தியதுபோல் இயங்கும் ‘டர்போ’ பொத்தான்களும் இருக்கும். அசலின் அடிப்பகுதியில் எச்விசி-001 என்ற மாதிரி எண்ணைக் காணலாம். முதல் மாதிரியில் ஆன்டெனா வழி இணைப்பு மட்டுமே உண்டு. ஆகவே வீடியோ, ஆடியோ முனைகள் பெட்டியிலேயே இருந்தால், அது நகலாகவோ பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்ட அசலாகவோதான் இருக்கும்.

அசல் என்றே தெரியவந்தாலும், அதை நம் வீட்டில் ஓட்டுவது தனிக் கதை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230 வோல்ட். பெட்டியுடன் வந்த ஜப்பானிய அடாப்டரை நேராக நம் பிளக்கில் செருகினால் அடாப்டர் கருகும். இயந்திரமும் உடன் போகலாம். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அல்லது 10 வோல்ட் டி.சி. தரும், நடு முனை நெகட்டிவாக உள்ள வேறு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் விற்ற சாம்பல் நிற நிண்டெண்டோவின் அடாப்டரைத் தவறியும் இதில் மாட்டக் கூடாது. அது தருவது ஏ.சி. மின்சாரம். அந்தச் சாம்பல் நிற இயந்திரத்தின் கேசட்டும் இதில் நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் அதற்கு 72 முனைகள், ஃபேமிகாமுக்கு 60. போதாக்குறைக்கு ஃபேமிகாமின் ஆன்டெனா இணைப்பு ஜப்பானியச் சேனல்களில், என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறையில் படத்தை அனுப்புகிறது. ‘பால்’ (PAL) என்ற வேறு ஒளிபரப்பு முறைக்கெனச் செய்யப்பட்ட நம் பழைய தொலைக்காட்சிகளில் படம் பிடிபட்டாலும் ஒலி ஒழுங்காக வராது.

ஆகவே, அது நகலாக இருந்தால் 9,000 ரூபாய் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதே வகை நகல்கள் பொம்மைக் கடைகளில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பழையதன் விலை புதியதன் விலையைத் தாண்டக் கூடாது. அசலாக இருந்தால், உங்கள் கண் முன்னால் ஒரு திரையில் இணைத்து, இரண்டு கைப்பிடிகளையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘அடாப்டர் இல்லை, ஆனால் நன்றாக ஓடும்’ என்று சொன்னால், ஓடாத பொருளுக்கு உரிய விலையைத்தான் பேச வேண்டும்.

கேள்வி: வாத்துகளைச் சுடும் வீடியோ கேமுக்கான துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். என் எல்.இ.டி. டிவியில் எத்தனை முறை சுட்டாலும் ஒரு வாத்துகூட விழவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அநேகமாக இல்லை. அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால்தான் வாத்து விழும். படக்குழாய்த் தொலைக்காட்சி சமிக்ஞை வந்த கணத்திலேயே படத்தை வரைந்துவிடும், எல்.இ.டி. டிவியோ படத்தைச் சீர்படுத்திக் காட்டுவதற்குள் விளையாட்டு எதிர்பார்க்கும் நேரம் கடந்துவிடும். மேலும், துப்பாக்கியின் மின்சுற்று படக்குழாய்க்கே உரிய துடிப்பை மட்டுமே ஏற்கும்படி அமைக்கப்பட்டது.

எனவே துப்பாக்கியைச் சோதிக்கப் பழைய படக்குழாய் டிவி ஒன்று தேவை. இதைப் பெரிய விலை கொடுத்துத் தேட வேண்டியதில்லை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று காத்திருக்கும் வீடுகள் பல உண்டு. ஆனால் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகே தூக்குங்கள். சூடேறியதும் படம் சுருங்கும் பெட்டிகள் ஏராளம். பின்மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

கேள்வி: சுங்கை ரோடு சந்தை இருந்தவரை அங்கே பழைய கேம் பாய் கேசட்டுகளைத் தேடி வாங்குவேன். இப்போது இணையத்தில்தான் வாங்குகிறேன். மூன்றில் ஒன்று போலியாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்ட அந்தப் பழைய பொருள் சந்தையில் பொருளைத் திருப்பிப் பார்த்து வாங்க முடிந்தது, இணையத்தில் அந்த வசதியை நீங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். ‘அழகான படம்’ தேவையில்லை. கேசட்டின் முன்பக்கம், பின்பக்கம், அடிவிளிம்பு, முடிந்தால் திறந்த உட்பலகை ஆகியவற்றின் தெளிவான படங்கள் வேண்டும். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதால் நட்டமில்லை.

நிண்டெண்டோவின் கையடக்க இயந்திரமான கேம் பாயின் பிந்தைய வகை, கேம் பாய் அட்வான்ஸ். அதன் கேசட்டின் அடிவிளிம்பில், தங்க நிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, உட்பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சிடப்பட்டிருப்பதை அசலில் காணலாம், திறக்காமலேயே தெரியும். முன் ஒட்டுத்தாளில் இரண்டு இலக்கங்கள் மை இல்லாமல் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் புலப்படும். பின்புறத் திருகாணி மூன்று கைகள் கொண்ட தலையுடையது; சாதாரண நட்சத்திரத் திருகாணி இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், அல்லது அது தொழிற்சாலையிலிருந்து வந்ததே இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் நம்பித் தீர்மானிக்காதீர்கள், ஏனென்றால் போலி செய்பவர்களும் இந்தக் குறிப்புகளை அறிந்தவர்களே.

அதிகம் போலியாவது போக்கிமான் வரிசைதான். அதில் ஒரு நல்ல சோதனை உண்டு. ஃபயர்ரெட், லீஃப்கிரீன் என்ற இரண்டு விளையாட்டுகளின் அசல் கேசட்டில் பேட்டரியே கிடையாது; உள்ளே பேட்டரி தெரிந்தால் அது போலி. ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் பேட்டரி உண்டு. ஆனால் அது கடிகாரத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. அது தீர்ந்துபோனால் நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் நிற்குமே தவிர, சேமித்த ஆட்டம் அழியாது. ஆகவே ‘பேட்டரி காலி’ என்ற அறிவிப்பு திரையில் வந்தால், விலையைக் குறைத்துக் கேட்க அது காரணமாகலாம். பொருளை ஒதுக்கக் காரணமாகாது. இதற்கு முந்தைய சாதாரண கேம் பாய் கேசட்டுகளில் நிலைமை வேறு: அங்கே சேமிப்பே பேட்டரியை நம்பி இருக்கிறது, பேட்டரியை மாற்றும்போது பழைய ஆட்டமும் போய்விடும்.

உங்கள் நாட்டில் ‘லெமன் சட்டம்’ என்று வழங்கப்படும் விதிகள் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. பழைய பொருள்களுக்கும் அவை பொருந்தும். கடையிலிருந்தோ வணிகமாக விற்பவரிடமிருந்தோ வாங்கிய பொருளில் ஆறு மாதங்களுக்குள் குறை தெரியவந்தால், பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். தம் வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கடை விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதை முழுக்க அதிகம் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: ஒரு மாரியோ கேசட் பல கோடி ரூபாய்க்கு விற்றதாகப் படித்தேன். என்னிடம் பத்துப் பதினைந்து பழைய கேசட்டுகள் இருக்கின்றன. விற்கலாமா, இன்னும் காத்திருக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் சூப்பர் மாரியோ 64 விளையாட்டின் ஒரு பிரதி 15,60,000 டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலை உறை பிரிக்கப்படாமல், தரச் சான்று நிறுவனம் ஒன்று மிக உயர்ந்த மதிப்பெண் வழங்கிய பிரதி. அதே விளையாட்டு உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பிரித்து விளையாடிய பிரதி எளிதாகக் கிடைக்கும். அங்கே பணம் போனது உறைக்கு, விளையாட்டுக்கு அல்ல. உங்களிடம் இருப்பவை நகல் கேசட்டுகள் என்றால் காத்திருப்பதில் பயனில்லை. அசல் என்றால், இணையச் சந்தைகளில் ‘விற்பனைக்கு’ என்று போட்டிருக்கும் விலையை விட்டுவிட்டு, ‘விற்று முடிந்தவை’ என்ற பட்டியலில் உள்ள விலையைப் பாருங்கள். கேட்பதற்கு எவரும் எதையும் கேட்கலாம்.

கேள்வி: பழைய வால்வு ரேடியோ ஒன்று 6,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முப்பது ஆண்டுகளாக யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்கிறார்கள். போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொன்னது சரிதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மற்ற எல்லாப் பொருளுக்கும் சரி, இதற்கு மட்டும் சற்று நிதானம் வேண்டும். நீண்ட காலம் மின்சாரமே காணாத ரேடியோவில் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்) கெட்டுப்போயிருக்கும். நேராகப் பிளக்கில் செருகினால் அவை வெடிக்கலாம். அவற்றைவிட முக்கியமான மின்மாற்றியும் (டிரான்ஸ்ஃபார்மர்) எரிந்துபோகலாம். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இதற்குச் சீரீஸ் லாம்ப் வைத்திருப்பார்கள்: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடர் இணைப்பில் போட்டு, அதன் வழியாக ரேடியோவுக்கு மின்சாரம் கொடுப்பார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றே எரிந்தால் உள்ளே ஷார்ட். முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நம்பிக்கைக்கு இடமுண்டு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அத்தகைய மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது.

சில மாதிரிகள் மின்மாற்றியே இல்லாமல், ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. அவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயக்கூடும். குமிழ் கழன்றுபோன தண்டைத் தொட்டாலும் ஆபத்து. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

விலை பேசும்போது, மாற்ற முடியாதவற்றுக்கு மதிப்புக் கொடுங்கள். மின்தேக்கிகளை மாற்றிவிடலாம், பல வால்வுகளும் தேடினால் கிடைக்கும். நிலையங்களின் பெயர் எழுதிய முகப்புக் கண்ணாடி உடைந்தால் திரும்பக் கிடைக்காது. கரையான் அரித்த மரப்பெட்டியும் அப்படியே. அந்நாளில் ரேடியோ வைத்திருப்பதற்காக அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பித்த பழைய உரிமப் புத்தகம் ரேடியோவுடன் இருந்தால், அதற்காகச் சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியின் காலத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பண்பலை (எஃப்.எம்.) வானொலி நம் நாட்டில் முதன்முதலாகச் சென்னையில் தொடங்கியதே 1977-இல்தான். ஆகவே அதற்கு முந்தைய உள்நாட்டுப் பெட்டியில் நீங்கள் இன்று கேட்கும் எஃப்.எம். நிலையங்கள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மின்சாரமே வேண்டாத பொருள் என்றாலும், இதே கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழலோடு நிற்கும் கிராமபோன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பல, அண்மைக் காலத்தில் நம் நாட்டிலேயே உதிரிப் பாகங்களைச் சேர்த்து, பழைய எச்.எம்.வி. நிறுவனத்தின் நாய்ச் சின்னம் ஒட்டிச் செய்யப்பட்டவை. குழலும் பித்தளையும் புதிதாக மின்னினால் அலங்காரப் பொருளுக்கான விலைக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி: இணையச் செயலி வழியாக ஒருவரிடம் பழைய கேம் இயந்திரம் வாங்கினேன். ‘சோதித்தது’ என்று எழுதியிருந்தார், வந்தது ஓடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– வாசகர், சென்னை

பதில்: விற்றவர் யார் என்பதைப் பொறுத்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகரிடம் வாங்கியவருக்குத் துணை நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளோ, தொழிலாகவும் தொடர்ச்சியாகவும் செய்யாமல் தனிப்பட்ட முறையில் விற்பவரின் செயலுக்குத் தாம் பொருந்தா என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆகவே அவருடைய பக்கத்தைத் திறந்து, வேறு எத்தனை பொருள்களை விற்றிருக்கிறார் என்று பாருங்கள். மாதந்தோறும் இயந்திரங்களை விற்பவர் என்றால், ‘என் சொந்தப் பொருள்’ என்ற வாதம் நிற்பது கடினம்.

விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, உரையாடல், பணம் செலுத்திய விவரம், பொதியைப் பிரித்தபோது எடுத்த காணொளி ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை வழக்குக் கட்டணம் இல்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாராவது க்யூ.ஆர். குறியீட்டை அனுப்பி, யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் போடாதீர்கள்; பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏற்கெனவே போட்டுவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மலிவாக வாங்கிக் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்யும் நோக்கத்தோடு நீங்கள் அந்த இயந்திரத்தை வாங்கியிருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் நுகர்வோரே அல்லர். அப்போது உங்களுக்கு உள்ள வழி சிவில் நீதிமன்றம்தான்.