மாத்திரை அட்டையை வாசிக்கச் சொன்ன தலைவர்

"நீங்கள் நேரில் பார்த்துப் பழகிய, பண்பானவர் என்று சொல்லத்தக்க அரசியல் தலைவர் யார்?" என்ற கேள்விக்கு என்னிடம் ஒருவர் இருக்கிறார். பெயரும் கட்சியும் சொல்லப்போவதில்லை. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கட்சியைப் பல வருடம் தோளில் சுமந்தவர், இப்போது இல்லை. தன் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பியதே கிடையாது, அதை நான் மீற விரும்பவில்லை.

2013 மார்ச். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பாம்பன் சின்னப்பாலத்தில் எங்கள் வீடு. அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போவார். அங்கே திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. புதன் காலையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகு வியாழன் விடியலில் திரும்பிவிட வேண்டும். அந்த வியாழக்கிழமை மற்ற படகெல்லாம் வந்தது, அப்பா போன படகு வரவில்லை. மத்தியானம் செய்தி வந்தது: இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது, ஊர்காவற்றுறை கோர்ட்டில் நிறுத்தி யாழ்ப்பாணம் சிறையில் வைத்துவிட்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. பாக் நீரிணையின் அகலமே அவ்வளவுதான்; இரவில் வலையை இழுத்துக்கொண்டு போகிற படகுக்கு நீரோட்டமும் காற்றும் வேறு. தப்பு எந்தப் பக்கம் என்று நான் இங்கே வாதாட வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களும் மீன்பிடித்துத்தான் சாப்பிட வேண்டும், அவர்கள் வலை அறுந்தால் வலிக்கத்தானே செய்யும். ஆனால் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என் அப்பாவைப் போலக் கூலிக்குப் போனவர்கள்.

செய்தி வந்ததும் கார்கள் வந்தன. எல்லாம் சம்மாட்டி வீட்டுக்குத்தான் போயின. படகு அவருடையது, அங்கேதான் கேமராவும் நின்றது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சம்மாட்டிக்கும் அது பெரிய அடிதான். கூலி வீடுகளுக்கு யாரும் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் மணலில் நடந்து வந்தார், கூட ஒரே ஒரு பையன். அம்மா அப்போதுதான் பாசி எடுத்துவிட்டு வந்திருந்தார். கடலுக்கடியில் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு விரலிலும் துணிக்கிழிசல் சுற்றிக்கொள்வார்கள். அம்மா ஈரத்துணி சுற்றிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டார்.

"துணிய அவுத்துட்டு, கை கழுவிட்டு மெதுவா வாங்க தாயி. நான் எங்கயும் போயிரல, இங்கதான் இருக்கேன்."

சொல்லிவிட்டுத் திண்ணையில் என் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவள். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனபோது தப்பி வந்தவள். யார் வந்தாலும் அந்தக் கதையைத்தான் எடுப்பாள், நாங்கள் பாதியில் நிறுத்திவிடுவோம். அவர் நிறுத்தவில்லை. ரயிலைக் கடல் கொண்டுபோனது, பாம்பன் பாலம் உடைந்தது எல்லாவற்றையும் கேட்டார். "பாலத்த நாப்பத்தாறு நாள்ல சரிபண்ணிட்டாங்களே ஆத்தா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று அவளோடு சேர்ந்துகொண்டார். கூட வந்த பையன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். இவர் பார்க்கவில்லை. மகன் சிறையில் இருக்கிற கிழவி, இரண்டு நாளாகச் சோறு இறங்காதவள், அன்றைக்குத்தான் வாய் திறந்து பேசினாள்.

அம்மா வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அவரு தினமும் மாத்திர மருந்து எதுவும் சாப்புடுவாராம்மா?"

அம்மா அழுதுவிட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை. ஒரு ராத்திரித் தொழிலுக்குப் போகிறவர் சட்டைப்பையில் ஒரே ஒரு மாத்திரைதான் கொண்டுபோவார். அந்த இரண்டு நாளும் அம்மா மனதில் அதுதான் அரித்துக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நான் ஓடிப்போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தேன். பாதி காலி. வெள்ளி அட்டையின் ஓரத்தில் கத்தரித்ததில் பெயரின் முதல் எழுத்து போயிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார். "எழுத்து பொடியா இருக்கு தம்பி, நீ வாசி." நான் மெட்ஃபார்மின் 500 என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே எழுது. அப்பா பேரு, வயசு, படகு நம்பர், மாத்திர பேரு. தப்பில்லாம எழுது, இது யாழ்ப்பாணம் போவணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதும், அங்கிருந்து அதிகாரிகள் சிறைக்குப் போய் மீனவர்களைப் பார்ப்பதும் அன்றைக்கு அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா எப்போது வருவார் என்று அம்மா கேட்டார். அதுவரை எங்களிடம் பேசிய எல்லோரும் "ரெண்டு நாள்ல வந்துருவாரு" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தாயி, பொய் சொல்ல மாட்டேன். பதினாலு பதினாலு நாளா காவல நீட்டிக்கிட்டே போவாங்க. ஒரு மாசத்துக்கு மனச தயாரா வச்சுக்கங்க. அதுக்கு முன்னால வந்தா நல்லதுதான்."

அந்த வார்த்தை அம்மாவை உடைத்துவிடும் என்று பயந்தேன். மறுநாள் காலையில் அம்மா பாசிக்குப் போனார். ஒரு மாதம் என்று தெரிந்ததால் ஒரு மாதத்துக்கு அரிசிக்கு வழி பார்த்தார். நல்ல மனதோடு சொன்ன பொய்கள் எங்களை வாசலிலேயே உட்கார வைத்திருந்தன. சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினப்படிக்கு ரேஷன் கார்டு நகலையும் மீனவர் அட்டை நகலையும் மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு தடவை காவல் நீட்டித்தார்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது விடுதலை செய்து, நடுக்கடலில் நம் கடலோரக் காவல் படையிடம் ஒப்படைத்து, மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மாலையோடு நின்ற கூட்டத்தில் அவரைத் தேடினேன். அவர் இல்லை.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் ராமநாதபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். நாட்டுப்படகில் வந்த நகரை மீன் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போயிருந்தோம். மறுக்காமல் வாங்கி உள்ளே கொடுத்து, "குழம்பு வச்சு இவங்களுக்கும் போடணும்" என்றார். அப்பா கும்பிடப் போனபோது கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "மாத்திர வந்துச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. அப்பா, ஆறாம் நாள் வந்தது என்றார்.

"சரி, உள்ள இன்னும் யாரு யாரு இருக்காங்க? அதுல உடம்பு முடியாதவங்க உண்டா?" என்று கேட்டு, மேஜையிலிருந்து அதே நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்பா விரல் விட்டு எண்ணியபடி ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.