ஊர் முன்னால் தலைகுனிய வைப்பது தண்டனை ஆகுமா? – கேள்வி பதில்

குற்றவியல் பாடம் நடத்துகிறேன். சிறைவாசிகளுக்கும் வகுப்பு எடுக்கிறேன். குற்றவாளியைப் பலர் பார்க்க அவமானப்படுத்துவது தண்டனையாகுமா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று கேள்வி வாரியாகச் சொல்கிறேன்.

செல்வி: சிறையில் போட்டால் வேலை போகிறது, குடும்பம் தெருவுக்கு வருகிறது. அதற்குப் பதில் கழுத்தில் அட்டையை மாட்டி ஒருநாள் நிற்க வைத்தால் என்ன சார்?

உங்கள் அக்கறை நியாயமானது. டேன் கஹான் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரும் 1996-ல் சிறைக்கு மாற்றாக இதை ஆதரித்து எழுதினார். 2006-ல் அவரே அந்த நிலையிலிருந்து விலகிக்கொண்டார்.

சான்பிரான்சிஸ்கோவில் தபால் திருடிய ஓர் இளைஞர், ‘நான் தபால் திருடினேன், இது என் தண்டனை’ என்ற அட்டையோடு தபால் நிலையத்துக்கு வெளியே 8 மணி நேரம் நிற்க வேண்டும் என்று உத்தரவானது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2004-ல் அதைச் சரியென்றது. எல்லோரும் அட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். அதே உத்தரவில் வேறு சிலவும் இருந்தன: தபால் தொலைந்தவர்கள் வந்து கேட்கும் கவுன்டரில் இருந்து பார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், பள்ளிகளில் பேச வேண்டும். அவை போதும் என்பேன். தன்னால் யார் என்ன இழந்தார்கள் என்று அவரைப் பார்க்க வைப்பவை அவைதான். அட்டை வழிப்போக்கர்களுக்கு வேடிக்கை காட்டியது, அவ்வளவுதான்.

முருகேசன்: கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் விட்ட காலத்தில் பயம் இருந்தது. இப்போது யாருக்கும் பயமில்லை.

அந்தக் காலத்துப் பதிவுகளைக் கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தில் தலையையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி, சந்தை நேரத்தில் நிற்க வைப்பார்கள். எழுத்தாளர் டேனியல் டீஃபோவை 1703-ல் அரசை எரிச்சலூட்டிய ஓர் எழுத்துக்காக அப்படி நிறுத்தினார்கள். கூட்டம் அவர்மேல் பூ எறிந்ததாகச் சொல்வார்கள். 1780-ல் லண்டன் சவுத்வார்க்கில் இருவரை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் கூட்டத்தின் கையாலேயே செத்துப்போனார். அரசியல்வாதி எட்மண்ட் பர்க் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார்.

தண்டனை ஒன்றேதான். ஒருவருக்கு அது பாராட்டு விழா, இன்னொருவருக்கு மரணம். எவ்வளவு என்று முடிவு செய்தது நீதிபதி அல்ல, அன்றைக்கு அங்கே வந்து நின்ற கூட்டம். என் எதிர்ப்பின் வேரே இதுதான். தண்டனைக்கு ஓர் அளவும் ஒரு முடிவும் இருக்க வேண்டும். கூட்டத்திடம் ஒப்படைத்தால் இரண்டும் போய்விடும். இங்கிலாந்தில் 1816-ல் பெரும்பாலான குற்றங்களுக்கு இந்த மரச்சட்டத் தண்டனையைக் கைவிட்டார்கள், 1837-ல் முழுவதும் ஒழித்தார்கள்.

ஃபாத்திமா: வெட்கம் வந்தால்தானே மனிதன் திருந்துவான்?

வெட்கம் வேண்டும்தான். யார் முன்னால், எதைப் பற்றி என்பதுதான் கேள்வி. ‘நான் செய்தது தப்பு’ என்று நினைப்பவர் அதைச் சரிசெய்யப் பார்ப்பார். ‘நானே தப்பான ஆள்’ என்று ஆகிவிட்டால் சரிசெய்ய என்ன மிச்சம் இருக்கிறது? உளவியலாளர் ஜூன் டாங்னியின் குழு சிறைவாசிகளை விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. செய்த செயலுக்காக வருந்தும் இயல்புள்ளவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்தது. அவமானம் இரண்டு பக்கமும் இழுத்தது. அது பழியை அடுத்தவர் மேல் போடும் மனநிலைக்குத் தள்ளியபோது, மறுபடி குற்றத்துக்கே கொண்டுபோனது.

ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். செயலைக் கண்டித்து, ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒரு வகை. ஆளையே ஒதுக்கிவைப்பது இன்னொரு வகை. ஒதுக்கப்பட்டவரைச் சேர்த்துக்கொள்ள ஒரே இடம்தான் காத்திருக்கும்: அவரைப் போலவே ஒதுக்கப்பட்டவர்களின் கூட்டம். என் வகுப்பில் இருப்பவர்கள் யாரும் ஊர் சிரித்ததைச் சொல்லி அழுததில்லை. அம்மா பார்க்க வந்த நாளைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம்: பாலியல் குற்றவாளிகளின் பட்டியலையாவது எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாமே? குழந்தைகளின் பாதுகாப்பு விஷயம்.

அமெரிக்காவில் அது பல வருடங்களாக நடைமுறையில் இருக்கிறது. பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்டதைக் கவனியுங்கள். விவரத்தைக் காவல்துறையிடம் பதிவு செய்ய வைத்தது குற்றத்தைக் குறைத்தது. பொதுமக்களுக்கு வெளியிட்டதோ, பட்டியலில் இருந்தவர்கள் மறுபடி குற்றம் செய்வதைக் கூட்டியிருக்கலாம் என்று தெரிந்தது. வேலையும் வீடும் கிடைக்காதவருக்கு இழக்க எதுவும் இல்லை. குழந்தைகளின் பாதுகாப்புதான் முக்கியம் என்றால், கண்காணிக்கும் பொறுப்பு அதற்கென்று உள்ளவர்களிடம் இருக்கட்டும்.

ரவி: வரி பாக்கி வைத்த பணக்காரர்கள் பெயரையாவது வெளியிடலாமே?

சிறிய பாக்கிக்குப் பலன் உண்டு. பெரிய பாக்கிக்காரர்கள் அசையவில்லை என்று மூன்று அமெரிக்க மாநிலங்களில் நடந்த ஆய்வு சொல்கிறது. பெரிய தொகைக்குச் சொத்து முடக்கம்தான் வழி.

கவிதா: பிடிபட்டவனை வீடியோ எடுத்துப் போடுவதில் என்ன தப்பு? போலீஸ் அசையாதபோது வேறு வழி?

இரண்டு கேள்வி இருக்கிறது, அம்மா. முதலாவது: பிடிபட்டவர் இன்னும் குற்றவாளி ஆகவில்லை. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, காணாமல்போன ஒரு மாணவர்தான் குண்டு வைத்தவர் என்று இணையத்தில் பரப்பினார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் இறந்து கிடந்தார். தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த வசைகளும் சேர்ந்துகொண்டன. அந்தப் பதிவுகளை யார் திரும்ப எடுப்பது?

இரண்டாவது: பாதிக்கப்பட்டவர் எல்லாக் கதவும் அடைத்த பிறகு, தனக்கு நடந்ததை வெளியே சொல்வது வேறு. அவர் நீதி கேட்கிறார், தண்டனை கொடுக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்கு எதிராக அது ஒன்றுதான் வழி என்ற நிலையில் பேசியவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், வீடியோவை அழிக்காமல் ஆதாரமாக ஒப்படையுங்கள், மேலதிகாரிக்கும் எழுதுங்கள்.

ஒரு தந்தை: 14 வயது மகன் கடையில் செல்போன் திருடிப் பிடிபட்டான். படத்தை வாசலில் ஒட்டுவேன் என்கிறார் கடைக்காரர். நானும் கோபத்தில் ‘ஒட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கே போய் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறார் படத்தை அப்படி வெளியிடுவதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. நியூசிலாந்தில் 1989-ல் வந்த சட்டப்படி, தப்பு செய்த பிள்ளை, குடும்பம், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, நஷ்டத்தை எப்படி ஈடுகட்டுவது என்று பேசி முடிவு செய்கிறார்கள். அதையே நீங்கள் செய்யலாம். மகனைக் கூட்டிப்போங்கள். அவனுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். நடந்ததை அவனே சொல்லட்டும். கடைக்காரர் கோபப்பட்டால் அதையும் முழுதாகக் கேட்கட்டும். போனைத் திருப்பிக் கொடுத்து, சேதம் இருந்தால் அவன் சேமிப்பிலிருந்து கொடுங்கள். பள்ளிக்கோ உறவினருக்கோ சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.