கொரோனாவால் நீட் தேர்வு போனது, மறுதேர்வும் தெரியாமல் போனது: வழக்குப் போடலாமா?

கேள்வி:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பீடி சுற்றித்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். செப்டம்பர் 13-ஆம் தேதி நீட் தேர்வு. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்குக் கொரோனா என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். பள்ளியின் கெமிஸ்ட்ரி சார், ஹால் டிக்கெட்டையும் ரிசல்டையும் சேர்த்துத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு 12-ஆம் தேதியே தன் போனிலிருந்து மெயில் அனுப்பினார். அவருக்குப் பதில் வரவில்லை. இப்படி விடுபட்ட பிள்ளைகளுக்கு அக்டோபர் 14-ல் மறுபடி தேர்வு நடந்தது என்பதே 16-ஆம் தேதி ரிசல்ட் செய்தியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தில் இருக்கிற போன் நம்பரும் மெயிலும் கம்ப்யூட்டர் சென்டர் தம்பியுடையது. இப்போது 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சேர்வதை டிவியில் பார்த்துப் பார்த்து அழுகிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. 50,000 ரூபாய் கொடுத்தால் கோர்ட்டில் இவளுக்கு மட்டும் தனியாகத் தேர்வு வைக்க உத்தரவு வாங்கலாம் என்கிறார் தெரிந்த ஒருவர். நகையை அடகு வைக்கலாமா? ஜே.இ.இ. பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் நேராக எழுதலாம் என்று சலுகை கொடுத்தார்களாமே, எங்கள் பிள்ளைக்குக் கிடையாதா?

– ஒரு தாய், தென்காசி மாவட்டம்
(நவம்பர் 22, 2020)

பதில்:

நகையை அடகு வைக்காதீர்கள், அம்மா. ஏன் என்று கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. மகள் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தைவிட அதுதான் எனக்கு முதலில் பட்டது. இந்தத் தேர்வுக்கு முந்தைய நாள் ஒன்றிலேயே தமிழ்நாட்டில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அவளைத் தனியாக விடாதீர்கள். அரசின் 104 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. அந்த கெமிஸ்ட்ரி சாரையும் வீட்டுக்கு வந்து அவளிடம் பேசச் சொல்லுங்கள்.

அவளிடம் நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: அவள் பக்கம் துளியும் தப்பில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தொற்று இருப்பது தெரிந்தும் நாலு பேர் நடுவே போய் உட்கார்ந்தால் அன்றைக்கு நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகளில் அது குற்றம். ஹால் டிக்கெட்டோடு இருந்த உறுதிமொழியிலும், காய்ச்சலோ இருமலோ இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பொய்யாகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போயிருந்தால்தான் அவள் தப்புச் செய்தவள் ஆகியிருப்பாள். போகக் கூடாது என்று சட்டமே தடுத்த இடத்துக்கு ஏன் போகவில்லை என்று அவளை யாரும் கேட்க முடியாது.

இதே காரணத்தால்தான் அக்டோபர் 14 தேர்வே வந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே 3-ல் நடக்க வேண்டிய நீட், ஜூலை 26-க்குத் தள்ளிப்போய், பிறகு செப்டம்பர் 13-க்குப் போனது. இன்னும் தள்ளிவையுங்கள் என்று கேட்ட மனுவை, மாணவர்களின் ஓராண்டு வீணாகக் கூடாது என்று சொல்லி ஆகஸ்ட் 17-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆறு மாநில அமைச்சர்கள் போட்ட மறுசீராய்வு மனுவும் செப்டம்பர் 4-ல் தள்ளுபடியானது. தேர்வு நடந்து முடிந்த பிறகு, அக்டோபர் 12-ல், தலைமை நீதிபதி பாப்டே தலைமையிலான அமர்வு, கொரோனாவாலோ கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் சிக்கியதாலோ எழுத முடியாமல் போனவர்களுக்கு 14-ஆம் தேதி தேர்வு நடத்த அனுமதி கொடுத்தது. 16-ஆம் தேதி முடிவு வந்துவிட்டது.

12-ல் உத்தரவு, 14-ல் தேர்வு. நடுவில் இருந்தது ஒரே ஒரு முழு நாள். மொபைல் சிக்னலும் சரியாகக் கிடைக்காத ஊரில், இன்னொருவர் மெயிலை நம்பியிருக்கும் ஒரு பீடித் தொழிலாளியின் மகளுக்கு அந்த ஒரு நாளில் செய்தி போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தொற்றுக் காலத்தில் தேர்வு வைக்கிறோம் என்று ஆகஸ்டிலேயே முடிவாகிவிட்டது. சிலருக்குத் தொற்று வரும் என்பதும் அப்போதே தெரிந்ததுதான். அறிகுறி உள்ள மாணவருக்கு உடல்நிலை தேறிய பிறகு தேர்வு எழுத வழி செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் செப்டம்பரில் வெளியிட்ட தேர்வு நெறிமுறையும் சொல்கிறது. கூடவே, தேர்வு நடத்துவோர் முன்பே அறிவித்த கொள்கைப்படி முடிவெடுக்கலாம் என்று ஒரு வாசலையும் அது திறந்து விட்டிருக்கிறது. மாற்றுத் தேதியை ஹால் டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியே வந்திருக்காது. இதை வழக்கறிஞனாக மட்டும் சொல்லவில்லை, கோபத்தோடும் சொல்கிறேன்.

ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருப்பது வேறு, இன்றைக்கு நீதிமன்றம் என்ன கொடுக்கும் என்பது வேறு.

இவளுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு தேர்வு என்று கேட்டால், என் கணிப்பில் கிடைக்காது. ஏறக்குறைய 16 லட்சம் பேர் பதிவு செய்து, 13.66 லட்சம் பேர்தான் எழுதினார்கள். வராத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் யார் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணம் நீதிபதிக்கு உடனே வரும். தரவரிசை வெளியாகி, நம் மாநிலத்தில் நவம்பர் 18-லிருந்து கலந்தாய்வும் நடக்கிறது. வேறு கேள்வித்தாளில் எழுதிய ஒருவரை அந்த வரிசைக்குள் நுழைக்க எந்த உயர் நீதிமன்றமும் தயங்கும். அக்டோபர் 15-ஆம் தேதி காலையில் மதுரைக் கிளையில் மனு தாக்கலாகியிருந்தால் என் பதில் கொஞ்சம் மாறியிருக்கலாம். இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு நாள் தாமதமும் நமக்கு எதிராக எண்ணப்படும்.

உங்களிடம் பணம் கேட்டவர், 'சிரத்தா தீர்ப்பு இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். பலரும் அதைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள். 2019 டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொடுத்த எஸ். கிருஷ்ண சிரத்தா வழக்குத் தீர்ப்பு அது. தகுதி இருந்தும், அதிகாரிகளின் தவறால் எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்ட மாணவருக்கு, அவர் பக்கம் குற்றமில்லாமல், தாமதிக்காமல் நீதிமன்றத்துக்கு வந்திருந்தால், மிக அரிதான நேர்வுகளில் அதே ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ இடம் கொடுக்கச் சொல்லலாம், இழப்பீடும் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதன் அடித்தளம் மதிப்பெண். வரிசையில் முன்னால் இருந்தும் இடம் பறிபோனவருக்கு அது உதவும். உங்கள் மகளின் கையில் மதிப்பெண்ணே இல்லை. அவள் எத்தனை வாங்கியிருப்பாள் என்று நீதிமன்றம் ஊகிக்காது.

ஜே.இ.இ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஐ.ஐ.டி.யில் சேர எழுதும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வுக்குப் பதிவு செய்து இந்த ஆண்டு எழுத முடியாதவர்கள், 2021-ல் மெயின் தேர்வை மறுபடி தாண்டாமல் நேராக அட்வான்ஸ்டு எழுதலாம் என்று முடிவாகியிருக்கிறது. அங்கே இரண்டு படி, அதனால் ஒரு படியைத் தள்ளுபடி செய்ய முடிந்தது. நீட்டில் இருப்பது ஒரே படி. அடுத்த ஆண்டு நேராக எழுத உங்கள் மகளுக்கு ஏற்கெனவே உரிமை உண்டு, அதற்குச் சலுகை தேவையில்லை. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் நீட்டில் இல்லை. யு.பி.எஸ்.சி. தேர்வைத் தள்ளிவைக்க மறுத்த உச்ச நீதிமன்றம், கடைசி வாய்ப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதல் வாய்ப்புத் தருவது பற்றி யோசிக்கும்படி அரசைக் கேட்டது. நீதிமன்றத்தின் மனம் எங்கே இளகும் என்பது அதில் தெரிகிறது: கதவு நிரந்தரமாக மூடப்படும் இடத்தில். உங்கள் மகளுக்குப் போனது ஓராண்டு. அந்த வலி பெரியது, ஆனாலும் கதவு மூடவில்லை.

7.5 சதவீதத்துக்கும் இது பொருந்தும். இந்த ஆண்டு கொண்டுவந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு அந்த ஒதுக்கீடு. மறுபடி நீட் எழுதுவதால் அது போய்விடாது. இந்த ஆண்டு அதில் இடம் பிடித்தவர்களிலேயே இரண்டாம் முறை எழுதியவர்கள் இருக்கிறார்கள். எல்லா வகுப்புகளுக்குமான படிப்புச் சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் பிள்ளைகள் தவித்து நிற்பது இங்கேதான்.

அப்படியானால் சட்டப்படி செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. முதலில் கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் சண்டை போடாமல் போங்கள், அவர் உதவி உங்களுக்கு வேண்டும். அந்த மெயிலைத் திறந்து, செப்டம்பர் 12-லிருந்து அக்டோபர் 14 வரை வந்த எல்லாவற்றையும், ஸ்பேம் பெட்டி உட்படப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் வந்த குறுஞ்செய்திகளையும் பாருங்கள். கெமிஸ்ட்ரி சார் அனுப்பிய மெயிலுக்கான பதில்கூட, பதிவு செய்த முகவரி என்பதால், அங்கே போயிருக்கலாம்.

14-ஆம் தேதி தேர்வு பற்றிய தகவல் அங்கே இருந்தால், 'சொல்லவே இல்லை' என்ற வாதம் விழுந்துவிடும். விண்ணப்பத்தில் நாம் கொடுத்த முகவரிக்கு வந்தது நமக்கு வந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்போது அந்தத் தம்பிமீது நுகர்வோர் வழக்குப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். விண்ணப்பம் நிரப்பக் கூலி வாங்கினார், உண்மை. ஆனால் பின்னால் வரும் மெயிலையெல்லாம் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய அந்த வழக்கு நிற்காது. நான் நடத்த மாட்டேன். தேர்வு நடத்தும் அமைப்பின்மீதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. தேர்வு நடத்துவது விலைக்கு விற்கும் சேவை ஆகாது என்று 2009-லேயே பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தகவல் எதுவுமே வரவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது கெமிஸ்ட்ரி சார் அனுப்பிய அந்த மெயில் உங்களுடைய மிகப் பெரிய சான்று. அவர் போனிலிருந்து அதை அழிக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். அதன் பிரிண்ட், பரிசோதனை முடிவு, சிகிச்சை மையத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஹால் டிக்கெட் நான்கையும் ஒரு கோப்பில் வையுங்கள். பிறகு நீட் நடத்தும் தேசிய தேர்வு முகமைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்ற சான்று இருந்தால் அதுவும் இல்லை. மகள் பெயரில், அவள் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மூன்றே கேள்விகள் போதும்: 12-ஆம் தேதி மெயில்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? அக்டோபர் 14 தேர்வு பற்றி இந்த எண்ணுக்கு எந்த நாளில், எந்த வழியில் தகவல் அனுப்பப்பட்டது? அனுப்பியதற்கான பதிவின் நகல் தர முடியுமா? முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அனுப்பவே இல்லை என்று பதில் வந்தால், மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு அமைப்பின் தவறுக்காக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போடக் காரணம் இருக்கிறது. அதில் இடம் கேட்கக் கூடாது. செப்டம்பரிலேயே எழுதிக் கேட்ட மாணவிக்கு வாய்ப்பை அறிவிக்காமல் விட்டது எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவுக்கு விரோதம் என்று அறிவிக்கவும், தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தந்து இழப்பீடு வழங்கவும், இனிவரும் தேர்வுகளில் மாற்றுத் தேதியை முன்பே அறிவிக்கவும் கேட்கலாம். இழப்பீடு கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கடைசிக் கோரிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தொற்று இன்னும் ஓயவில்லை, அடுத்த ஆண்டு இன்னொரு வீட்டில் இதே நடக்கலாம்.

இதற்கும் 50,000 தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உங்கள் மகள் பெண் என்பது ஒன்றே போதும். மதுரைக் கிளை வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பதினெட்டு முடிந்திருந்தால் அவளே கையெழுத்திட வேண்டும். முடியாவிட்டால் காப்பாளராக நீங்கள் போடலாம்.

கோர்ட்டுத் தரகர் போனதும் காலேஜ் தரகர் வருவார். நீட்டில் தேறாமல் நிர்வாக ஒதுக்கீட்டிலும் எம்.பி.பி.எஸ். சேர முடியாது. வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே டாக்டராக வேலை பார்க்கவும் நீட் தேர்ச்சி கட்டாயம். வேறு மாதிரி சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கு நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. அவளுக்கு விருப்பம் இருந்தால் அந்தக் கலந்தாய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பள்ளியில் உடனே விசாரியுங்கள். விருப்பம் இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம்.

அடுத்த விண்ணப்பம் போடும்போது மகள் பெயரில் ஒரு மெயில் தொடங்கி, கடவுச்சொல்லை அவளே வைத்துக்கொள்ளட்டும். போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும், மாற்று எண்ணாகக் கெமிஸ்ட்ரி சாருடையதைக் கொடுங்கள். ஆர்டிஐ பதில் வந்ததும் அதன் நகலோடு எனக்கு எழுதுங்கள். ரிட் மனுவுக்கான வரைவை நானே எழுதித் தருகிறேன்.