வெயில் படாத சந்தில் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் பெரணி (ஃபெர்ன்) வளருமா? வாங்கிய மூன்று தொட்டியும் காய்ந்துவிட்டதே?

வளரும். எங்கள் வீட்டில் 2014-லிருந்து வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே வடக்குப் பக்கம் நான்கடி சந்து, நேர் வெயிலே இல்லை, ஆனாலும் இரண்டே மாதத்தில் இலை நுனியெல்லாம் கருகி உதிர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் பெயர் சொல்லவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்றதால் சென்னை அல்லது சுற்றுவட்டாரம் என்று வைத்துக்கொள்கிறேன். நிழல் அதிகமாகிவிட்டதோ, மொட்டை மாடிக்கு மாற்றலாமா என்று கேட்கிறீர்களே, தயவுசெய்து மாற்றாதீர்கள். பெரணிக்கு அந்தச் சந்துதான் சரியான இடம். உங்கள் செடியைக் கருக்கியது பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும் உப்பு.

என் கதையைச் சொல்கிறேன். ஏற்காட்டில் சித்தி வீட்டுக் கருங்கல் சுவர் இடுக்கில் தானாகப் படர்ந்திருந்த பெரணியை ஒரு பிடி பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு சந்து. மண்ணில் நேரடியாக நட்டேன். ஐந்து வருடம் நன்றாக இருந்தது. 2019 கோடையில் போர் வற்றியது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளெல்லாம் தரை தெரிந்த வருடம் அது. லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு இருபது நாள் காத்திருந்தோம். குடிக்கவே இல்லாதபோது செடிக்கு எங்கே போவது? சரி, வீணாகப் போகிறதே என்று குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றினேன். பத்தே நாளில் ஒவ்வொரு சிற்றிலையின் நுனியும் நெருப்பில் காட்டியது போலக் கருகியது. அந்த மெஷின் உப்பைத் தனியாகப் பிரித்து அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது, போர் தண்ணீரை விட அதில்தான் உப்பு அதிகம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜூலையில் ஒரு பச்சை கூட மிஞ்சவில்லை. அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்த செடியைக் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஆகஸ்டில் இரண்டு மழை பெய்தது. சந்தைச் சுத்தம் செய்யக் கொத்தினேன். காய்ந்த வேருக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. சின்ன நெல்லிக்காய் அளவு, மேலே சன்னமாகப் பழுப்பு ரோமம், கம்பி போன்ற மெல்லிய தண்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் அழுத்தினேன், தண்ணீர் கசிந்தது. அத்தனை வறட்சியிலும் செடி தனக்கென்று தண்ணீர் சேமித்து வைத்திருக்கிறது! அவற்றை அப்படியே இலைமக்கில் புதைத்து வைத்தேன். மூன்றாவது வாரம் கோலத்தின் சுழி மாதிரிச் சுருண்ட துளிர்கள் வந்தன.

பிறகு தேடிப் படித்ததில் அதன் பெயர் நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா என்று தெரிந்தது. நர்சரியில் பாஸ்டன் ஃபெர்ன் என்று விற்பது அதன் சொந்தக்காரச் செடி, நெஃப்ரோலெபிஸ் எக்சால்டேட்டா. 1894-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் போன செடிச் சரக்கில் வித்தியாசமாகத் தொங்கும் இலையோடு ஒன்று கண்ணில் பட, அதிலிருந்து பரவியது. பார்க்க அழகுதான், ஆனால் வேரில் இந்தக் கிழங்கு கிடையாது. ஒரு முறை நன்றாகக் காய்ந்தால் மீள்வது கஷ்டம். பல நர்சரிகளில் இரண்டையும் பாஸ்டன் என்றே சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

இப்போது நான் ஊற்றுவது மழைத்தண்ணீர், அது இல்லாத மாதங்களில் ஏசி தண்ணீர். ஏசி குழாயின் கீழே பக்கெட் வைத்தால் ஓர் இரவில் ஏழெட்டு லிட்டர் சேர்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தேன், எங்கள் போர் தண்ணீர் 1,400, ஏசி தண்ணீர் 30. ஏசி தண்ணீரில் செம்பு இருக்கும், செடி செத்துவிடும் என்று உடனே யாராவது எழுதுவீர்கள். குடிக்கவோ சமைக்கவோ நானும் சொல்லவில்லை. பல வருடமாக இதே தண்ணீர்தான், செடி நன்றாகவே இருக்கிறது. ஏசி இல்லாதவர்கள் மழைக்காலத்தில் இரண்டு டிரம் பிடித்து வையுங்கள், கொசு முட்டையிடாமல் மூடி வையுங்கள்.

மண் ஒரு பங்கு, இலைமக்கு இரண்டு பங்கு, கொஞ்சம் மணலும் உடைத்த அடுப்புக்கரியும். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதானால் மூன்று முறை அலசிப் பிழியுங்கள், அதிலும் உப்பு உண்டு. உரம் அதிகம் வேண்டாம், இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். மேயில் அனல் காற்று வீசும்போது தரையையும் சுவரையும் நனையுங்கள், காற்றில் ஈரம் இருந்தால் தாங்கிவிடும்.

அப்புறம், கீழ் இலைகளைத் திருப்பினால் பழுப்புப் புள்ளிகள் தெரியும், பயப்படாதீர்கள். எனக்கு ஒரு நர்சரிக்காரர் அது செதில்பூச்சி என்று சொல்லி மருந்தும் விற்றார். நம்பி, நல்ல இலைகளையெல்லாம் வெட்டிப் போட்டேன். அது பூச்சியே அல்ல, பெரணியின் வித்துப்பை. சிற்றிலையின் இரு ஓரத்திலும் தையல் போட்டது போல ஒரே வரிசையாக இருக்கும். பூச்சியாக இருந்தால் இப்படி ஒழுங்கு இருக்காது, கண்ட இடத்தில் ஒட்டியிருக்கும், இலை பிசுபிசுக்கும். முற்றிய இலையை வெள்ளைத்தாளில் ஓர் இரவு கவிழ்த்து வையுங்கள், காலையில் பழுப்புத்தூள் உதிர்ந்திருக்கும், பெரணிக்கு விதை மாதிரி அதுதான். பூவில்லை, காயில்லை, இந்தச் செடி எதற்கு என்று என் நாத்தனார் வரும்போதெல்லாம் கேட்பார். அவருக்கு அந்தத் தாளைத்தான் காட்டினேன்.

நட்டால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் பாத்தி கட்டி நடுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாங்கள் வீடு கட்டியபோது தெருவை விட இரண்டடி மேலே இருந்தோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, இன்று வாசற்படியே தெருவுக்குக் கீழே. மனு கொடுத்தோம், ரோடு போட வந்தவர்களிடம் நேரிலேயே கெஞ்சினோம், சுரண்டுவதற்குத் தங்களுக்கு உத்தரவு இல்லை என்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நான்கு நாள் சந்தில் முழங்கால் தண்ணீர், அதுவும் சாக்கடை கலந்த தண்ணீர். வறட்சியில் பிழைத்த கிழங்குகள் அதில் அழுகிப்போயின. என் கணவரின் அம்மா எண்பத்திரண்டு வயதில் கட்டில் மேல் உட்கார்ந்தபடியே அந்த நான்கு நாளைக் கழித்தார். வரி கட்டுகிற குடும்பத்துக்கு இது ஏன் நடக்க வேண்டும்?

ஜன்னல் மேடைத் தொட்டியில் இருந்த ஒரு கொத்து மட்டும் தப்பியது. இன்று பாத்தியில் இருப்பதெல்லாம் அதன் பிள்ளைகள். நீங்கள் அடுத்த செடி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு தொட்டியைச் சாய்த்து, மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உருண்டைக் கிழங்கு தெரிந்தால் அந்தச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள்.