கமடோர் 64: ஃபிளாப்பி டிரைவ் கடகடவென இடித்துவிட்டுச் சிவப்பு விளக்கு மின்னினால் அலைன்மென்ட் போய்விட்டதா?

கமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினியோடு இணைத்த உங்கள் 1541 ஃபிளாப்பி டிரைவில் எந்த ஃபிளாப்பியைப் போட்டாலும் பாதியில் நின்று, இடித்து, சிவப்பு விளக்கு மின்னுகிறது என்கிறீர்கள். இதைக் கேட்டதும் ஆளாளுக்கு அலைன்மென்ட் (ஃபிளாப்பியைப் படிக்கும் ஹெட், அதன் வட்டத் தடங்களான டிராக்குகளுக்கு நேராக நிற்பது) போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். அதற்குள் ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் திருகில் கை வைத்துவிடாதீர்கள்.

அந்தச் சத்தம் இந்த டிரைவின் சுபாவம். ஹெட் எந்த டிராக்கில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் இதில் இல்லை. படிக்க முடியாமல் போனால், ஹெட்டைத் தடுப்பில் முட்டும்வரை பின்னுக்குத் தள்ளி, அங்கிருந்து எண்ணத் தொடங்கும். நகல் தடுப்புக்காக வேண்டுமென்றே பிழை வைத்த அந்தக்கால விளையாட்டுகளால் இடித்து இடித்தே அலைன்மென்ட் கெட்ட டிரைவுகள் உண்டு என்பதும் உண்மைதான்.

என்ன கோளாறு என்று டிரைவையே கேட்கலாம். அதற்குள் சொந்தமாக 6502 பிராசசரும் 2 கேபி ராமும் இருக்கின்றன. டிரைவ் தன் நிலையைச் சொல்லும் 15ஆம் சேனலைத் திறந்து பிழை எண்ணைப் படிக்கும், பேசிக் (BASIC) மொழியில் எழுதிய சிறிய புரோகிராம் போதும். ஆனால் வரி எண் போட்டு ஓட்டுங்கள், நேரடியாகத் தட்டினால் ஏற்காது. மின்சாரம் கொடுத்தவுடன் 73 வந்தால் அது பிழையல்ல, டிரைவ் தன் பெயரைச் சொல்கிறது. 23, 27 என்றால் தகவல் வருகிறது, ஆனால் சிதைந்து வருகிறது. ஃபிளாப்பி அல்லது சுழலும் வேகத்தைச் சந்தேகியுங்கள், நிமிடத்துக்கு 300 சுற்று இருக்க வேண்டும். 21 என்றால் ஹெட்டுக்குப் புரியும்படி எதுவுமே வரவில்லை.

21 வந்தால் முதல் சந்தேகம் அழுக்குதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். மின்சாரப் பகுதி அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஹெட் கீழே இருக்கும், மேலே நெம்புகோல் போன்ற கையில் ஒட்டிய சிறு ஃபெல்ட் துண்டு அதை அழுத்தும். அந்த நெம்புகோலை வளைக்காமல் லேசாகத் தூக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பூஞ்சை பிடித்த பழைய ஃபிளாப்பி ஒன்றைப் போட்டிருந்தால் பஞ்சு பழுப்பாகவே வரும். அந்தப் பழுப்பு அடுத்த ஃபிளாப்பியையும் கீறும் என்பதால், அருமையான ஃபிளாப்பிகளை வைத்துச் சோதிக்கவே வேண்டாம். ஹெட் நகரும் கம்பிகளில் கிரீஸ் பிசினாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு, ஒரே ஒரு துளி மெஷின் எண்ணெய் விடுங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பிறகு காலி ஃபிளாப்பி ஒன்றை இதே டிரைவில் ஃபார்மட் செய்து, எழுதிப் படித்துப் பாருங்கள். தான் எழுதியதைப் படித்துவிட்டு, மற்ற டிரைவுகளில் எழுதியதற்கு மட்டும் திணறினால் அப்போது அலைன்மென்ட் பற்றிப் பேசலாம். தான் எழுதியதையே படிக்கவில்லையா? உங்களுடையது கதவைக் கீழே அழுத்தி மூடும் வகையா, பிடியைத் திருகி மூடும் வகையா என்று பாருங்கள். திருகும் வகையில் ஹெட்டின் சுருள் உள்ளேயே அறுந்துபோவது அடிக்கடி நடப்பது. மல்டிமீட்டரில் அது தெரிந்துவிடும். அறுந்திருந்தால் பழைய சாமான் விற்பவர்களிடம் அதே வகை டிரைவ் ஒன்றைத் தேடி, ஹெட்டோடு சேர்த்து அந்த மெக்கானிசத்தையே மாற்றுங்கள்.