பெயர் ஒன்று, ஆள் வேறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அரசியல் வலைப்பூ எழுதுகிறேன். தலைப்பில் ‘விஜய்’ என்று போட்டால் பாட்டையும் டி.வி. நிகழ்ச்சியையும் தேடுகிறவர்கள்தான் வந்து விழுகிறார்கள். எப்படி எழுதுவது?
– வாசகர், திருச்சி

பதில்: தலைப்பிலேயே ‘த.வெ.க. தலைவர் விஜய்’ என்று எழுதுங்கள். முதல் பத்தியில் இன்னொரு முறை அப்படியே வரட்டும். அதற்குப் பிறகு வெறும் பெயர் போதும். விஜய் யேசுதாஸ், விஜய் பிரகாஷ் பாடகர்கள். விஜய் ஆண்டனி இசையமைத்தும் நடித்தும் வருபவர். விஜய் டி.வி.யின் பெயரோ 1990-களில் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் அந்தச் சேனலை வாங்கியபோது வந்தது; நடிகருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘விஜய் தரப்பு ஒளிபரப்பியது’ என்று அவசரத்தில் எழுதினால், சேனலின் வேலை கட்சியின் தலையில் விழும். அரசியலுக்குள்ளேயே இன்னொருவரும் இருக்கிறார்: 2021 இடைத்தேர்தலிலும் 2024-லும் கன்னியாகுமரியில் வென்ற காங்கிரஸின் விஜய் வசந்த். அவரும் சினிமாவில் நடித்தவர்தான்.

கட்சிப் பெயரைச் சுருக்கும்போதும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழக வெற்றிக் கழகத்துக்கும், தி. வேல்முருகன் 2012-ல் தொடங்கிய தமிழக வாழ்வுரிமைக் கட்சிக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே: டி.வி.கே. தமிழில் த.வெ.க., த.வா.க. என்று எழுதினால் குழப்பமே வராது.

இனிஷியல் மட்டும் போதுமென்று நம்பாதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு மேலும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். இது போன்ற குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2015-லிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தின் வாக்குச்சீட்டில் தேர்தல் ஆணையம் வேட்பாளர் படத்தைச் சேர்த்தது. நீங்கள் தேர்தல் முடிவு அட்டவணை போடும்போது சின்னத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அந்தத் தேர்தலில் முன்னாள் முதல்வரின் சின்னம் பலாப்பழம். அந்த ஒரு சொல்லே ஆளைக் காட்டிவிடும்.

கேள்வி: நான் எழுதியது உண்மை. ஆனால் அதே பெயருள்ள வேறொருவர் தன்னைத்தான் சொன்னதாகக் கோபப்படுகிறார். தவறு என்னுடையதா?
– வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் ஆம். இங்கிலாந்தில் 1939-ல் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்குச் சரியான பாடம். இருதார மணம் செய்ததாக ஹரால்ட் நியூஸ்டெட் என்ற, லண்டனின் கேம்பர்வெல் பகுதிக்காரரைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியது. செய்தி உண்மை. ஆனால் அதே ஊரில், அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்த இன்னொருவர் இருந்தார். அவர் வழக்குப் போட, பத்திரிகை பொறுப்பிலிருந்து தப்பவில்லை. நஷ்ட ஈடு மட்டும் ஒரு ஃபார்திங்தான் (கால் பென்னி). தொழிலையும் முகவரியையும் சேர்த்திருந்தால் வழக்கே வந்திருக்காது. நம் நாட்டில் அவதூறு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவில் வருகிறது. அங்கே நோக்கமும் அறிவும் பார்க்கப்படும். ஆனால் நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கு தனி.

இப்போது செய்யவேண்டியது: பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். மேலேயே தேதியுடன் ‘இந்தச் செய்தி இந்த ஊரில், இந்தப் பதவியில் உள்ள இன்னாரைப் பற்றியது; அதே பெயருள்ள மற்றவரைப் பற்றியது அல்ல’ என்று போடுங்கள். படம் தவறானால் உடனே எடுத்துவிடுங்கள். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஃபேஸ்புக் பழைய தலைப்பையும் படத்தையும் சேமித்து வைத்திருக்கும். இணைப்பைச் சோதிக்கும் அதன் கருவியான ஷேரிங் டீபக்கரில் உங்கள் பதிவின் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் அது புதுப்பிக்கப்படும். வாட்ஸ்அப்பில் மற்றவர்கள் ஏற்கெனவே பகிர்ந்ததை நீங்கள் திரும்ப இழுக்க முடியாது. அதனால் திருத்தத்தையும் அதே குழுக்களில் பகிருங்கள்.

கேள்வி: என் பெயரில் ஒரு பாடகரும் ஒரு டி.வி. தொகுப்பாளரும் இருக்கிறார்கள். புனைபெயர் வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வைக்கலாம், ஆனால் முதல் பதிவுக்கு முன்பே. டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலப் பாடகர், டேவி ஜோன்ஸ் என்ற இன்னொரு பாடகரோடு குழம்பாமலிருக்க 1965-ல் டேவிட் போவி ஆனார். டேவி ஜோன்ஸ் மறு வருடமே ‘தி மங்கீஸ்’ டி.வி. தொடரில் உலகப் புகழ் பெற்றார். முந்திக்கொண்டது போவிக்கு நல்லதாகப் போயிற்று. பெயரோடு ஊரைச் சேர்ப்பதே நமக்கு எளிது. முடிவு செய்யுமுன் அந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப்பாருங்கள்; எக்ஸ், யூடியூப், வலைப்பூ மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டில் கிடைக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். சட்டப் பொறுப்பு மட்டும் சொந்தப் பெயருக்கே வந்து சேரும்.