போல்ட்டின் உமிழ்வுக் கணக்கு: சப்ளையரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு சிறிய இறக்குமதி நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். இந்தியாவில் இருந்தும் தைவானில் இருந்தும் ஆண்டுக்குச் சுமார் 180 டன் ஸ்டீல் போல்ட், நட் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரிக்காக (சிபாம்) உமிழ்வுத் தரவு கேட்டு மூன்று சப்ளையர்களுக்கும் பலமுறை மெயில் போட்டேன். ஒருவர் பதிலே தரவில்லை. இன்னொருவர் ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழை அனுப்பிவைத்தார். மூன்றாமவர் "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஆண்டுக்கு 50 டன்னுக்குள் இருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, விலக்கு உண்டு. 180 டன் என்பதால் தப்ப வழியில்லை. 2026இல் வந்த சரக்குக்கான அறிக்கையை 2027 செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அந்த உமிழ்வுக்கு ஈடாக, டன்னுக்கு ஒன்று என்று நீங்கள் வாங்க வேண்டிய சான்றிதழ்களின் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. தரவு கிடைக்காவிட்டால் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட பொது மதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன்மேல் 2026க்கு 10%, 2027க்கு 20%, 2028 முதல் 30% கூடுதலாக ஏற்றுவார்கள். அந்தக் காசு போவது உங்கள் பையிலிருந்து, சப்ளையர் பையிலிருந்து அல்ல. அவர் அசட்டையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதி இன்னும் முக்கியம். நீங்கள் கேட்கும் எண் பெரும்பாலும் அவர் கையிலேயே இல்லை. போல்ட் பட்டறையில் கம்பியை வெட்டி, தலை அடித்து, மரை உருட்டி, உலையில் பதப்படுத்துகிறார்கள். அங்கே எரியும் எரிவாயுவும் டீசலும் மொத்தக் கணக்கில் சிறு பங்குதான். பெரும்பங்கு அந்தக் கம்பிச்சுருளை உருக்கிய ஆலையில் இருக்கிறது. தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலை வழியில் வந்த ஸ்டீல் என்றால் டன்னுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியது என்றால் அதில் சிறு பகுதியே. ஸ்டீலுக்கு மின்சாரத்தால் வரும் உமிழ்வு இப்போதைக்கு இந்த வரியில் சேராது என்பதால் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. ஆக, உங்கள் முதல் கேள்வி "உங்கள் உமிழ்வு எவ்வளவு?" என்பதல்ல. "கம்பிச்சுருள் எந்த ஆலையுடையது?" என்பதுதான்.

இதற்கான விடை ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கக்கூடும். ஐரோப்பியத் தடையின்படி ரஷ்ய இரும்பு கலக்கவில்லை என்று காட்ட 2023 செப்டம்பர் 30 முதல் மில் டெஸ்ட் சர்டிபிகேட் (ஆலை தரும் சோதனைச் சான்று) வாங்கி வைத்திருப்பீர்களே, அதில் ஆலையின் பெயரும் ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்கும். எடுத்துப் பாருங்கள். பெரிய ஆலைகளுக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் நிறைய. கணக்கு அங்கே தயாராக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் சப்ளையர் தனக்குக் கம்பி தந்த ஆலைக்கு எழுதும்போது அந்த ஹீட் நம்பர்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியது இதன்பின் சுருங்கிவிடும்: ஓராண்டில் எத்தனை டன் கம்பி உள்ளே போனது, எத்தனை டன் போல்ட் வெளியே வந்தது, உலைக்கு எவ்வளவு எரிபொருள். இதற்குக் கொள்முதல் பில்லும் கேஸ் பில்லும் போதும். ஒழுங்காகக் கணக்கு வைக்கும் பட்டறையில் ஒரு கணக்கர் இரண்டு நாளில் எடுத்துத் தந்துவிடுவார்.

சரி, ரகசியக்காரருக்கு வருவோம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கம்பி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று தெரிந்தால் அவருடைய அடக்க விலையை நீங்கள் கணக்குப் போட்டுவிடலாம். அடுத்த பேரத்தில் விலையைக் குறைக்கலாம். எனவே அந்த விவரங்களை உங்களுக்குக் காட்டவே வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆணையம் தந்த எக்செல் படிவத்தில் சுருக்கத் தாள் ஒன்று உண்டு, அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வெளிநாட்டு ஆலைகளுக்காக 2025 ஜனவரியில் திறந்த சிபாம் பதிவேட்டுத் தளத்தில் அவரே பதிவுசெய்து, தரவை நேராக ஏற்றி, உங்களுக்குத் தேவையானதை மட்டும் திறந்துவிடலாம். உள் விவரங்களை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்ப்பார். 2026 முதல் உண்மை எண்ணைப் பயன்படுத்த எப்படியும் அந்தச் சரிபார்ப்பாளரின் கையெழுத்து வேண்டும்.

ஐஎஸ்ஓ 14001 அனுப்பியவர் உங்களை ஏமாற்றவில்லை. சுற்றுச்சூழல் என்ற சொல்லைப் பார்த்ததும் கையில் இருந்ததை அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அதில் உமிழ்வு எண் எதுவும் கிடையாது. நிறுவனம் முழுமைக்குமான கார்பன் அறிக்கை வந்தாலும் பயன் இல்லை. இந்த வரிக்கு வேண்டியது அந்த ஒரு ஆலையின், அந்த ஒரு பொருளின் கணக்கு. நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றை இணைத்து அனுப்பினால் பத்து மெயிலை மிச்சப்படுத்தலாம்.

பதிலே போடாதவர் உற்பத்தியாளர்தானா, வெறும் வியாபாரியா என்று முதலில் பாருங்கள். வியாபாரி என்றால், தன் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நீங்கள் நேரே போய்விடுவீர்களோ என்ற கலக்கம் அவருக்கு. அவருக்கும் பதிவேட்டு வழியைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் ஆலை எது என்பது உங்களுக்குத் தெரிந்தே தீரும், அதை மறைக்காமல் பேசிவிடுங்கள். உற்பத்தியாளர் என்றால் மெயிலை விட்டுவிட்டு போனில் தொழிற்சாலை மேலாளரைப் பிடியுங்கள்.

அப்புறம் பணம். சரிபார்ப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்கிறேன் என்று சொல்வது வீண் தாராளம் அல்ல. ஒரு பேச்சுக்கு, உண்மை எண் பொது மதிப்பைவிட டன்னுக்கு அரை டன் குறைவு, சான்றிதழ் 75 யூரோ என்று வைத்தால், 180 டன்னுக்கு 6,750 யூரோ. ஐரோப்பிய ஆலைகளுக்கு இன்னும் கிடைக்கும் இலவச உமிழ்வு ஒதுக்கீட்டுக்கு ஈடாக இறக்குமதிக்கும் ஒரு கழிவு உண்டு, அதைப் பொறுத்து இது மாறும். அதே அறிக்கை அவருடைய மற்ற ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கும் உதவும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டதும் அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே தரவு தரும் தேதியை எழுதிவிடுங்கள். தராவிட்டால் கூடுதல் வரியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.